பேர் சொல்லாத படம்

“கதவு உள்பக்கம் பூட்டியிருக்கு. உள்ளே பெரியவர் ரத்த வெள்ளத்துல கிடக்கறார்” என்றபடி டாக்டர் கையுறையை மாட்டினார். “கத்தியை மட்டும் காணோம். வாயைத் திறங்க.”

அவர் பல் டாக்டர். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். தினமும் கற்றுக்குட்டிகள் கையில் உயிரை ஒப்படைத்துவிட்டுப் பக்கத்தில் தைரியமாக உட்காருகிறவர், பல் ஊசியைக் கண்டால் மட்டும் நடுங்குவார். வேர் சிகிச்சைக்குப் பல தடவை வரவேண்டும் என்றதும் ஓடத்தான் பார்த்தார். டாக்டர் தடவைக்குக் கொஞ்சமாகச் சொல்லிவந்த இந்தப் படக் கதைதான் அவரைப் பிடித்து வைத்தது.

துப்பறியும் படம் எதைப் பார்க்கலாம் என்று தெருவே மாஸ்டரைத்தான் கேட்கும். “துப்பெல்லாம் நம்ம கண்ணு முன்னாடியே இருக்கணும். கடைசி நிமிஷத்துல இரட்டைப் பிறவின்னு ஒருத்தனை இறக்கினா அது ஏமாத்து” என்பது அவர் கட்சி. அப்பேர்ப்பட்டவர் பார்க்காத படம் இது.

“சமையல்காரன்தான்” என்றார், முதல் தடவை வாய் கொப்பளித்ததும். அடுத்த தடவை வந்தபோது சமையல்காரனே செத்துக் கிடந்தான். “அப்போ மச்சான்” என்றார். அதற்கடுத்த தடவை, மச்சான் அன்றைக்கு லாக்கப்பில் இருந்தது தெரியவந்தது.

“என்ன மூளைய்யா அந்த டைரக்டருக்கு. நான் நினைக்கறதை எல்லாம் முன்கூட்டியே நினைச்சிருக்கான்” என்று மாஸ்டர் பூரித்துப்போனார். காரில் ஏறியவர்களிடமெல்லாம் சிபாரிசு செய்தார். படத்தின் பேரைக் கேட்டால்தான் முழித்தார். அதை டாக்டரிடம் கேட்கும்போதெல்லாம் டிரில் ஓட ஆரம்பித்துவிடும்.

கடைசி நாள், பல்லுக்குக் கேப் போட்டாயிற்று. மாஸ்டர் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

“சொல்லாம எந்திரிக்க மாட்டேன் டாக்டர். எல்லார்கிட்டயும் தம்பட்டம் அடிச்சிட்டேன். பேர்கூடத் தெரியாத படத்துக்கு இவ்வளவு சிபாரிசான்னு வீட்டுக்காரியே சிரிக்கறா. என் மானமே போகுது. கொலைகாரன் யாரு?”

நர்ஸும் ட்ரேயைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் மாஸ்டரின் எக்ஸ்ரேயை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“கீழ் வரிசையில இன்னொரு சொத்தை இருக்கு சார். அதுக்குள்ள யோசிச்சு வைக்கறேன்.”