ஃபவுண்டனா, கழிப்பறையா?

"பூங்காவுக்கு நடுவுல கக்கூஸா? போட்டோ எடுத்து மாட்டலாம்!"

மருந்துக்கடைக்காரர் எடுத்துவிட்டதும் சமுதாயக்கூடமே குலுங்கிச் சிரித்தது.

தெருக்கோடி காலிமனையைப் பூங்காவாக்கப் போகிறார்கள். என்னென்ன வேண்டும் என்று தெருக்காரர்களே கூடி உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். மேஜைமேல் விரித்த வரைபடத்தில் அட்டையில் வெட்டிய மரம், ஊஞ்சல், பெஞ்சு எல்லாம் வைத்தாயிற்று. மிச்சப் பணத்துக்கு ஒன்றுதான் கட்டுப்படியாகும். கலர் விளக்கு போட்ட ஃபவுண்டன், இல்லாவிட்டால் கழிப்பறை.

"ஃபவுண்டன்! ஃபவுண்டன்!" ஆளாளுக்குத் துள்ளினார்கள். மருந்துக்கடைக்காரர் இரண்டு கையையும் விரித்து, வாயாலேயே 'புஸ்ஸ்' என்று தண்ணீர் பீய்ச்சிக் காட்டினார்.

டெய்லர் அக்கா மட்டும் விடவில்லை.

"சிரிங்கண்ணே, சிரிங்க. அந்த மனை ஓரத்துலதான் பகல் பூரா மெஷின் போட்டு உட்கார்றேன். தாகம் எடுத்தாக்கூடத் தண்ணி குடிக்கப் பயமா இருக்கு."

"அதுக்காகத் தெருவே மூக்கைப் பிடிச்சுக்கணுமாம்மா?"

மறுபடி சிரிப்பு. அக்காவே சிரித்துவிட்டாள்.

பூங்காவை வடிவமைக்க வந்திருந்த பொண்ணு கையைத் தட்டியது. "சரி, ரகசிய ஓட்டு! ஆளுக்கு ஒரு கோலிக்குண்டு. திரைக்குப் பின்னால ரெண்டு டப்பா இருக்கு. பிடிச்சதுல போடுங்க."

மருந்துக்கடைக்காரர் திரைக்குள் போனார். சர்க்கரை உடம்பு. போன வாரம் வாக்கிங் போய்ப் பாதியிலேயே வீட்டுக்கு ஓடிய ஓட்டம் அவருக்குத்தானே தெரியும்! கழிப்பறை டப்பாவில் சத்தம் வராமல் கோலியை இறக்கினார். மீசையை நீவிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஃபவுண்டன்தான். சந்தேகமே வேணாம்!"

பொண்ணு டப்பாக்களைக் கவிழ்த்தது. கழிப்பறைக் கோலிகள் மேஜை கொள்ளாமல் தரையெல்லாம் உருண்டோடின. ஃபவுண்டன் டப்பாவிலிருந்து 'டொக்' என்று ஒன்றே ஒன்று விழுந்தது.

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். யாரோ 'க்ளுக்' என்றார்கள். அவ்வளவுதான், கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மருந்துக்கடைக்காரருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"அடேங்கப்பா! சொன்ன சொல் மாறாத அந்த ஒரு நல்லவர் யாருப்பா?"

டெய்லர் அக்கா கூச்சத்தோடு கையைத் தூக்கினாள்.

"நான்தாண்ணே. எல்லாரும் சின்னப் புள்ளைங்க மாதிரி அவ்வளவு ஆசைப்பட்டீங்களே... என் ஒருத்தி அவசரத்துக்காக அதைக் கெடுப்பானேன்னு..."