கேபிளைக் கழற்றிவிட்டு

“இது வேற யார் கண்ணுலயும் படக்கூடாது அண்ணாச்சி,” என்று காளீஸ்வரி பென்டிரைவை நீட்டினாள். ஆலங்குளம் பஸ்ஸில் வந்து இறங்கியவள். துப்பட்டாவெல்லாம் சாரல் ஈரம்.

தென்காசியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பிச்சையாவுக்கு இப்படிப்பட்டவர்கள் புதிதல்ல. பத்திரம், ஸ்கேன் ரிப்போர்ட், ஜாதகம் என்று ஊர் ரகசியத்தில் பாதி அவர் கடை வழியாகத்தான் போகும். ஒன்றையும் வெளியே விடாத மனுஷன் என்று பெயர்.

“என்ன ஃபைல் தாயி?”

“ஒருத்தன் என் போனுக்கு அனுப்புன அசிங்கமெல்லாம். புகார் கொடுக்கணும். ஃபைல் பெருசா இருந்தா போலீஸ் தளத்துல ஏறாது. மூணாப் பிரிச்சுத் தாங்க.”

பிச்சையா பென்டிரைவைக் கம்ப்யூட்டர் பெட்டியில் செருகினார். “இவனுவள நடுரோட்டுல நிக்கவச்சுத் தோலை உரிக்கணும். பெத்தவன் ஒழுங்கா வளத்தா இப்படி அலைவானா?”

“பெத்தவங்களுக்குத் தெரியாம இருக்கும் அண்ணாச்சி. ஆமா, பிரிக்கதுக்கு இதை நெட்டுல ஏத்துவியளோ?”

“ஏத்தவே வேண்டாம். இந்தா பாரு.” பிரவுசரில் ஃபைல் பிரிக்கும் பக்கத்தைத் திறந்தார். பிறகு பெட்டிக்குப் பின்னால் கையைவிட்டு நெட் கேபிளைக் கழற்றி மேஜைமேல் போட்டார். “இனி எல்லாம் இதுக்குள்ளயே நடக்கும். ஈ காக்காய்க்குத் தெரியாது.”

“நீங்களும் படிக்காதிய.” அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“கண்ணாடியவே கழத்திட்டேன், போதுமா?” என்றவர், திரையில் மூக்கு இடிக்கத் தேடினார். “பட்டனை எங்கன கொண்டு வச்சிருக்கான் பாரு.”

“வலது பக்கம் கீழ, பச்சையா இருக்கும்,” என்றாள் அவள், திரும்பாமலே.

வேறு வழியில்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பக்கங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக, ஒவ்வொன்றின் மேலும் ஒரு டிக்கோடு விரிந்து கிடந்தன. முக்கால்வாசி வெறும் எழுத்து. நடுவில் நாலு பக்கத்தில் மட்டும், அனுப்பியவன் படமும் நம்பரும் பளிச்சென்று இருந்தன.

ஐந்தருவிக்கு முன்னால் ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டு நின்றான் மணிகண்டபிரபு, அவருடைய ஒரே மகன். போன வருஷச் சாரல் சீசனில் அந்தப் படத்தை எடுத்ததே பிச்சையாதான்.

படத்துக்குக் கீழே ஒரு வரி படித்தார். இரண்டாவது வரிக்குக் கண் போகவில்லை.

வருகிற ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். சுந்தரபாண்டியபுரத்துப் பெண். மஞ்சள் தடவிய பத்திரிகைகள் வீட்டில் அடுக்கியிருக்கின்றன.

“ஆச்சா அண்ணாச்சி?”

“ஆகுது தாயி. பெரிய ஃபைலுல்லா.”

அவள் முதுகைப் பார்த்தார். மேஜைமேல் கிடந்த கேபிளைப் பார்த்தார். அவரைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நாலு பக்கத்தின் மேலிருந்த டிக்கை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பட்டனை அமுக்கினார். பென்டிரைவில் இருந்த முழு ஃபைலையும் அழித்தார்.

காளீஸ்வரி பென்டிரைவை வாங்கித் தன் போனில் செருகி விரலால் தள்ளிக்கொண்டே போனாள். நடுவில் விரல் நின்றது.

“எல்லாம் இருக்கா அண்ணாச்சி?”

“ஒண்ணு விடாம இருக்கு. பழைய ஃபைல் மட்டும் இடத்தை அடைக்குமேன்னு எடுத்துட்டேன்.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய் நின்றாள்.

“நேத்தே நானே பிரிச்சுப் புகாரை அனுப்பிட்டேன் அண்ணாச்சி. அந்த நாலு பக்கமும் அதுல இருக்கு.”

பிச்சையா நாற்காலியை விட்டு எழுந்தார். “பிறகு... பிறகு எதுக்கு இங்கன வந்த?”

“‘புகாரை வாபஸ் வாங்கிரு, அவனைப் பெத்தவரு நியாயமான மனுசன், அவரு பாத்துக்கிடுவாரு’ன்னு எங்கம்மதான் அனுப்பி வச்சா.”