பிரிக்காத உறை

எங்கள் சமுதாய வானொலியில் ஞாயிறு பிற்பகல் என் கிறிஸ்தவ மெட்டல் நிகழ்ச்சி. டிரம்ஸ் இடியாய் இறங்க, தொண்டை கிழியக் கத்தும் துதிப்பாடல்கள். நடுவே, நேயர்கள் அனுப்பும் ஜெபக் கடிதங்களை வாசிக்க வேண்டும். நேற்று வந்திருந்தது ஒன்றே ஒன்று. பாட்டின் சூடு ஆறிவிடும் என்று பிரிக்காமலே இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

இன்று காலை ஒரு அம்மா போன் செய்தார்.

“எம் பையன் கடிதத்த நேத்து ஒரு வரி விடாம வாசிச்சீங்களே தம்பி. கேட்டுட்டுத்தான் கண்ண மூடினான்.”

போனைக் காதில் வைத்தபடியே இழுப்பறையைத் திறந்தேன். ஒட்டிய உறை ஒட்டியபடியே கிடந்தது.

“கடைசியில நீங்களே அழுதுட்டீங்க.”

“ஆமாம்மா,” என்றேன்.