முப்பது மாத்திரை

டாக்டர் என் மனைவிக்கு முப்பது மாத்திரை எழுதிக் கொடுத்தார், தினம் ஒன்று. அதற்கு மேல் தேவைப்படாது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளிநாட்டிலிருக்கும் மகள் விமான டிக்கெட் அனுப்பினாள். என் மனைவி விமானத்தில் வர மாட்டேன் என்றாள்.

"பாய்மரக் கப்பல்ல கூட்டிட்டுப் போறேன்னு கல்யாணமான புதுசுல அளந்தீங்களே, அதுலதான் வருவேன்."

நாற்பத்தைந்து நாள் பயணம். உனக்கு அவ்வளவு நாள் இல்லடி என்று எந்த வாயால் சொல்வது? சரியென்றேன்.

கப்பல் ஏறிய நாளிலிருந்து தினம் காலையில் நானே மாத்திரை கொடுத்து, விழுங்கினாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். பத்தாம் நாள் டப்பாவைக் கொட்டி எண்ணினேன். முப்பது இருந்தது. மருந்துக் கடைக்காரன் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறான் என்று நினைத்தேன். நான் படிக்காதவன்தான், ஆனால் முப்பது வரை எண்ணத் தெரியும். நாற்பதாம் நாளும் முப்பதுதான் இருந்தது. இவள் கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"என்ன கெழவா, கடலைப் பார்த்தா பயமா இருக்கா?" என்று மேல்தளத்தில் உட்கார்ந்து சிரித்தாள்.

நாற்பத்தைந்தாம் நாள் காலையில் தூரத்தில் கரை தெரிந்தது. மாத்திரையைக் கொடுத்துவிட்டு எண்ணினேன். இருபத்தொன்பது இருந்தது.

கப்பலைத் திருப்பச் சொல்லிக் கெஞ்சலாம் என்று கேப்டன் அறைக்கு ஓடினேன். கதவுக்கு வெளியே ஏற்கெனவே பதினோரு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். கடைசியில் நின்றவர் என்னை ஒன்றும் கேட்காமல், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.