பச்சைப் பொட்டு

வேறொருவன் கை பட்டிருக்கிறது என்பது ஹென்றிக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அவன் கை மட்டுமே பட்ட இடம்.

மனைவி சுஜா ஆம்னி வேனில் கேரியர்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். ராயபுரத்திலிருந்து ஹார்பர் ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிற வேன். அதன் பின்சக்கரத்தில், ஹென்றி வைத்த மஞ்சள் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு.

சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் கடைக்கு ஒரு நிறத்தில் பொட்டு வைப்பது அந்தத் தெருவின் வழக்கம். நாளைக்கே நட்டு லூசானால் யார் வேலை என்று தெரிய வேண்டுமே. ஹென்றி டயர் கடைக்கு மஞ்சள், எதிர்க்கடை பீம்ராவுக்குப் பச்சை.

அந்த பீம்ராவ் கடை வாசலில் பல்குச்சியோடு நின்றுகொண்டிருந்தான். "இன்னா சுஜாம்மா, நேத்து பயம் தெளிஞ்சுதா?"

சுஜா ஹென்றியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பீம்ராவைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். ஹென்றி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"நேத்து எங்க போயிருந்த?"

"பூசைக்குத்தான்."

"பூசை ஒம்போதுக்கு முடிஞ்சுது. நீ வந்தது ஒன்னரைக்கு."

"பாட்டு பிராக்டிஸ்யா," என்று வண்டியைக் கிளப்பினாள்.

பாட்டுப் பாடிவிட்டு வருகிறவளுக்குத் தொண்டை கட்டியிருக்கும். இவள் தலை கலைந்து, முகம் மினுமினுக்க வந்தாள். கல்யாண போட்டோவில்கூட அந்த மினுக்கு இல்லை. அதில் பக்கத்தில் நின்றது தான் என்பதால் இருக்கலாம் என்று ஹென்றி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நேராகவே கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? கேட்ட நேரம், கேட்காத நேரம் என்று பார்க்காமல் எல்லாம் செய்தவன் அவன். பீம்ராவிடம் அப்படி என்னதான் இருக்கிறது? ஐம்பத்தெட்டு வயசு, தொப்பை. புதுசாக ஒரு காற்று மெஷின் வாங்கி வைத்திருக்கிறான். அவ்வளவுதானே.

அந்த வாரம் முழுக்க ஹென்றிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கஸ்டமருக்கு ஸ்டெப்னியை ஸ்டெப்னிக்கே மாற்றிக் கொடுத்து, நன்றியும் சொன்னான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கூட்டத்தில் சுஜாவைத் தவறவிட்டான். அரை மணி பைக்கில் அலைந்து, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேனைக் கண்டுபிடித்தான். ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணாடியில் ஆவி படிகிறது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டான்.

வேன் ஒரு காலி கன்டெய்னர் யார்டுக்குள் நுழைந்தது. ஹென்றி சுவர் இடுக்கில் கண்ணை வைத்தான்.

கரித்தூள் படிந்த சிமென்ட் தரையின் நடுவில் ஒரு தார் டிரம். ஓரத்தில் தலையில் ஹெல்மெட்டோடு இரண்டு பெண்கள். கழுத்தில் விசில் மாட்டிய, தூண் மாதிரி ஒரு வாலிபன் கத்தினான். "ஹேண்ட்பிரேக்கை வுடுக்கா. இப்ப மிதி. பின்னாடி இழுத்துகினு போவும், போவட்டும். எங்க போவணுமோ அங்க பாரு."

ஆம்னி பிட்டத்தை ஆட்டிக்கொண்டு டிரம்மைச் சுற்றியது. கிறீச் என்ற சத்தம். ஓட்டுவது சுஜா. ஒரு முழுச் சுற்று. அந்த நிமிஷம் ஹென்றிக்கு நெஞ்சு விம்மிவிட்டது. அதைவிடப் பெரிய நிம்மதி, அங்கே பீம்ராவ் இல்லை. வாலிபன்தான் இருக்கிறான். மாதாவே, நன்றி.

விசிலடித்தபடி உள்ளே நுழைந்த ஹென்றியைப் பார்த்ததும் வேன் நின்றது. சுஜா இறங்கினாள். "யோவ், என் பின்னாடியே வந்தியா?"

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் வாலிபன். "நான் மேத்யூ. இது லேடீஸ் டிரிஃப்டிங் கிளாஸ், வண்டிய வழுக்கவுட்டு சுத்தறது. ஷிஜியக்கா, அம்முக்கா, உங்க வூட்டம்மா, மூணு பேருதான்."

"சோறு தூக்கிகினு ஹார்பருக்கு நேராவே ஓட்டி ஓட்டி அலுத்துப்போச்சுய்யா," என்றாள் சுஜா. "ஒரு நாளாவது சுத்தலாம்னு பாத்தேன். சொன்னா வுடமாட்டன்னு சொல்லல."

"அதெல்லாம் நல்லாத்தான் கீது. சூப்பரா சுத்தற." ஹென்றி வேனின் பின்சக்கரத்தைப் பார்த்தான். "அப்ப பீம்ராவ்?"

சுஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள். "சீ, இன்னா மனுசன்யா நீ. கத்துக்க சொல்லோ பின்னாடி மொட்டை டயருதான் போடணுமாம். அதான் சீக்கிரம் வழுக்கும். நல்ல டயரு போட்டா ரெண்டே வாரத்துல தேஞ்சு நூலு தெரியும். உன் கடையிலதான் 'மொட்டை டயர் மாட்ட மாட்டோம்'னு இம்மாம் பெரிய போர்டு வச்சிகினு கீறியே. ஞாயித்துக்கெயமை உன் கடையும் லீவு. அதான் அவராண்ட மொட்டையை மாட்டிகினு வருவேன். போவ சொல்லோ உன் டயரையே திரும்ப மாட்டிகினு போவேன்."

"வாரா வாரமா?"

"ஆமா, இது ரெண்டாவது வாரம். டயரு மட்டும்தான்யா. வேற ஒண்ணும் இல்ல. மாதா மேல சத்தியம்."

மேத்யூ மூச்சு விட்டான். ஷிஜியும் அம்முவும் சிரித்துவிட்டார்கள். ஹென்றி மட்டும் சிரிக்கவில்லை. பின்சக்கரத்தின் பக்கத்தில் கரித்தூளில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பச்சைப் பொட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். அது போகவில்லை.

"இதுக்கு நீ அவன்கூட ஓடியே போயிருக்கலாம், சுஜா."