இடது சுட்டுவிரல்

"இந்தக் கையோட ஆபரேஷன் தியேட்டருக்குள்ள விடமாட்டாங்கம்மா. நல்லாத் தேய்ச்சு விடுங்க" என்று நர்ஸ் ஒரு பேசினில் வெந்நீரும் ஒரு சோப்பும் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து கணவனின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

லாரிப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் கிரீஸில் ஊறிய கை. கல்யாணத்தன்றே கறுப்பாகத்தான் இருந்தது. அதற்கு இன்னொரு நிறம் உண்டு என்று அவள் நினைத்ததே கிடையாது.

நேற்றுக் காலை ஜாக்கி சரிந்து, லாரிச் சக்கரம் அவன் காலில் உட்கார்ந்துவிட்டது. கம்பி வைத்தால் கால் பிழைத்துவிடும் என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையில் போன உயிர் பாதி திரும்பியிருந்தது அவளுக்கு.

வலது கை முடிந்தது. நகக்கண்ணில் இருந்ததையெல்லாம் சேஃப்டி பின் முனையால் சுரண்டி எடுத்தாள். உள்ளங்கை மெதுவாக வெளுத்து வந்தது.

"அட, உங்களுக்கும் ரேகையெல்லாம் இருக்கே!"

அத்தனை வலியிலும் அவன் சிரித்தான்.

இடது கையைக் கேட்டாள். "அது கிடக்கட்டும் விடு" என்றான்.

"விட்டா அந்த நர்ஸ் உங்களையா திட்டும்? என்னைத்தான் திட்டும். குடுங்க இப்படி."

இழுத்து வைத்துத் தேய்த்தாள். கட்டைவிரல் வெளுத்தது. நடுவிரல் வெளுத்தது. சுட்டுவிரலில் மட்டும், நகத்தின் மேலிருந்து கீழே ஒரு கோடு அப்படியே நின்றது. இன்னொரு தடவை சோப்புப் போட்டாள். நகத்தால் சுரண்டினாள். பச்சை குத்தினாற்போல் இருந்தது.

அது கிரீஸ் இல்லை. ஓட்டுப் போட்டவர்களுக்கு வைக்கிற மை.

அவள் கை நின்றுவிட்டது.

வார்டு தேர்தல் முடிந்து ஐந்து நாள்தான் ஆகிறது. நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் பட்டறை முதலாளி. இன்னொருத்தி, தையல் கம்பெனியில் இவளுக்கு அடுத்த மெஷினில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுப்பவள். பட்டறையின் கழிவெண்ணெய் குழாய் வழியாக ஓடித் தெருக் கிணற்றில்தான் இறங்குகிறது. வாளியில் மொண்டால் தண்ணீர் மேல் மயில்கழுத்து நிறம் மினுங்கும். இவளுடைய சின்ன மகளுக்குத் தலையெல்லாம் புண். அந்தக் குழாயை அடைத்துக் காட்டுகிறேன் என்பது ஒன்றுதான் காஜாக்காரி கொடுத்த வாக்கு. அவளுக்குப் போட வேண்டிய ஓட்டை இவள் ஆறு மாதமாக மனதுக்குள் போட்டு வைத்திருந்தாள்.

தேர்தலுக்கு முந்தின நாள், சாப்பிட்ட தட்டை எடுத்துப்போக வந்தவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்து அவன் பேசினான். அவ்வளவு பதமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை.

"நீ உன் சிநேகிதிக்குப் போடுவே. நான் போனா மொதலாளிக்குத்தான் போட்டாகணும். உன்னுது என்னுதை அடிச்சிடும், என்னுது உன்னுதை அடிச்சிடும். இதுக்குப் போயி வெயில்ல நின்னு, வீட்டுல ஆளுக்கொரு மூலையில மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கணுமா? ரெண்டு பேருமே போக வேணாம்."

எனக்காக முதலாளியையே ஏமாற்றத் துணிகிறானே மனுஷன் என்று அவளுக்கு நெஞ்சு உருகிப் போயிற்று. அவன் நீட்டிய உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு, ஓட்டுச்சாவடி மூட ஒரு மணி நேரம் இருக்கையில், காஜாக்காரி வாசலில் வந்து நின்றாள். தலைவலி என்றாள் இவள். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"உனக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் வெயிலில் இறங்கிப் போனாள்.

ஏழு ஓட்டில் தோற்றாள்.

"கையில அடிச்சு சத்தியம் வாங்கினீங்களே" என்றாள் இவள் இப்போது. விரலை விடவில்லை.

அவன் சுவரைப் பார்த்தான். "அது நானா யோசிச்ச பேச்சு இல்லடி" என்றான், சுவரிடம்.

கதவு திறந்தது. பட்டறை ஆட்கள் எட்டுப் பேர், வேலையிலிருந்து நேராக, கறுத்த கைகளோடு உள்ளே வந்தார்கள். முன்னால் வந்த வெல்டர், முதலாளி கொடுத்தனுப்பிய ஆப்பிள் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார். வீட்டிலிருந்து வந்த அவர்கள் பெண்டாட்டிமார் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் எழுந்தாள். பேசினில் புது வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"கையைக் கழுவிட்டுக் கிட்ட வாங்கண்ணா. நர்ஸம்மா உத்தரவு."

"அதுக்கென்னம்மா" என்று வெல்டர் வலது கையை நீட்டினார்.

"இடது கையும்."

வெல்டர் பக்கத்தில் நின்ற பெயிண்டரைப் பார்த்தார். பெயிண்டர் ஜன்னலைப் பார்த்தார். எட்டு இடது கைகளும், யாரும் சொல்லிவைக்காமலே, முதுகுக்குப் பின்னால் போயின.

"நாங்க தள்ளி நின்னே பாத்துட்டுப் போறோம்மா" என்றார் வெல்டர்.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கட்டிலில் கிடந்த முகத்தைப் பார்க்கவில்லை. பேசினை ஏந்தியபடி போய்க் கதவை முழங்கையால் தள்ளி, அதிலேயே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, பெஞ்சைப் பார்த்துக் கூப்பிட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"அக்கா, எல்லாரும் உள்ள வாங்க. வெந்நீர் இருக்கு, சோப்பு இருக்கு. அவங்கவங்க வீட்டுக்காரர் கையை அவங்கவங்களே கழுவி விடுங்க."