படையல் கிண்ணம்

"வாங்கிக்கோடா. எல்லாரும் பாக்கறாங்க," என்று மகனின் விலாவில் இடித்தாள் மல்சுன்.

தேசொக் கையை நீட்டவில்லை.

அறுவடைப் பௌர்ணமி. கொரியாவின் ஆண்டோங் ஊரில் குடும்பத்தின் மூத்தவர் வீட்டில் படையல் முடிந்து, தாத்தாவுக்கு வைத்த தெளிந்த அரிசி மதுவை ஆளுக்கொரு கிண்ணம் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். முன்னோர் தரும் ஆசி அது. வேண்டாம் என்று சொல்ல அந்தக் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் நாக்கு எழுந்ததில்லை.

"என்னால முடியாதும்மா," என்றான் தரையைப் பார்த்தபடி.

மல்சுனுக்கு உடம்பே கூசியது. புருஷன் போனபிறகு ஒற்றையாளாய் வளர்த்த பிள்ளை. குடியை நிறுத்தும் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுப் போன மாதம்தான் வீடு திரும்பியிருந்தான். ஊர் உறவுக்கெல்லாம் "வியட்நாம்ல வேலை" என்று சொல்லி வைத்திருந்தாள்.

காலையில்கூட, "வியட்நாம்ல வெயில் எப்படி?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டுத் தொலைத்தாள். அவன் வாய் திறக்கும் முன், "அனல்! பாருங்க, எப்படிக் கறுத்துட்டான்," என்று இவள் முந்திக்கொண்டாள். நாலு சுவருக்குள் கிடந்தவன் வெளுத்துப்போய் நின்றுகொண்டிருந்தான்.

'ஒரு சொட்டு போதும்மா, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடும்' என்று டாக்டர் சொன்னதை அவள் மறக்கவில்லை. ஆனால் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருப்பது குடும்பத்தின் மூத்தவர், கணவரின் அண்ணன் பியொங்கு.

"அது வந்து..." என்று எதையோ சொல்ல வாயெடுத்தார் அவர்.

ஏன் குடிக்கமாட்டேங்கிறான் என்று கேட்கப்போகிறார்! கேட்டால் எல்லாம் சந்தி சிரித்துவிடும்.

"குடிப்பான் அத்தான், கூச்சம்!" கிண்ணத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி மகன் கையில் திணித்தாள். காதோரம் குனிந்து, "ஒரே வாய்டா. அம்மா மானத்தைக் காப்பாத்து," என்றாள்.

தேசொக் அவளை ஒரு பார்வை பார்த்தான். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த அன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை. பிறகு, பெரியவர்கள் முன் குடிக்கும் முறைப்படி முகத்தை ஒருபக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மடக்கென்று விழுங்கினான்.

மல்சுனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவன் கிண்ணத்துக்குள் உற்றுப் பார்த்தான்.

"பெரியப்பா... இது பச்சைத் தண்ணி!"

"ஆமாப்பா. எல்லார் கிண்ணத்துலயும் அதான். நீ எங்க இருந்தேன்னு எங்களுக்கு ரொம்ப நாளாவே தெரியும். உங்கம்மா வருத்தப்படுவாளேன்னு கேட்டுக்கல. இந்த ஒரு வருஷம் மதுவுக்குப் பதிலா பச்சைத் தண்ணி குடிச்சா தாத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாருன்னு உங்க பெரியம்மாதான் சொன்னா."

தேசொக்கின் கண்கள் நிறைந்துவிட்டன.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, பெரியப்பா."

"அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள உங்கம்மா..."

அவர் நிறுத்திக்கொண்டார். எல்லாரும் படையல் தட்டிலிருந்த கொழுக்கட்டையில் கவனமாக இருந்தார்கள். ஒருவரும் மல்சுனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அத்தனை பேர் இருந்த கூடத்தில், அது மது என்றே நம்பி அவனுக்குக் கொடுத்தவள், பெற்றவள் ஒருத்திதான்.